கோவை, பாலக்காடு பக்கம் மாடல் ரயில் கடை தேடுகிறவருக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் கேட்டது இதுதான். பத்து வயது மகனுக்கு மாடல் ரயில் ஆசை வந்துவிட்டது. பாலக்காட்டிலும் கோவையிலும் நாலைந்து பொம்மைக் கடை ஏறி இறங்கியாயிற்று, எல்லா இடத்திலும் பேட்டரி ரயிலைத்தான் எடுத்து வைக்கிறார்கள். நிஜ ரயிலை அப்படியே சுருக்கிச் செய்து, தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தில் ஓடுகிற மாடல் ரயில் விற்கும் கடை இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது, இருந்தால் அது நல்ல கடைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒன்று: 'மாடல் ரயில்' என்று போர்டு மாட்டிய கடையைத் தேடாதீர்கள். நான் ஒலவக்கோடு ரயில்வே காலனியில் வளர்ந்தவன். முப்பது வருடமாக இந்தக் கிறுக்கு விடவில்லை. மாநில எல்லையில் இருக்கும் வாளையாறுக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, அப்படி ஒரு போர்டை நான் பார்த்ததில்லை. நம் ஊரில் அந்தக் கடை நாலு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. இன்ஜின் ஓரிடம், மரமும் புல்லும் ஓரிடம், ஒயரும் சுவிட்சும் ஓரிடம், ரிப்பேர் வேறோரிடம். அந்த நாலையும் கண்டுபிடித்துக் கோத்துக்கொள்வதுதான் வேலை.

இன்ஜின், தண்டவாளம் கிடைக்கக்கூடிய இடம் ரிமோட் கார், ரிமோட் விமானம், பிளாஸ்டிக் கிட் விற்கும் ஹாபி கடைகள். அவர்களுக்கு ரயில் முக்கிய வியாபாரம் இல்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைக்கும் வழி அவர்களிடம் இருக்கும், கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். கோவை, கொச்சி, பெங்களூரு, சென்னை என்று எந்த ஊர்க் கடையானாலும் நேரே பஸ் ஏறாமல் முதலில் போன் போடுங்கள். போனில் "மாடல் ரயில் இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் "இருக்கு, வாங்க" என்பார்கள். நீங்கள் தேடிப் போய்ப் பார்த்தால் அதே பேட்டரி ரயில். அதனால் இப்படிக் கேளுங்கள்: "ஹெச்ஓ தண்டவாளத்துக்கு ரயில் ஜாயினர் ஒரு பாக்கெட் கிடைக்குமா?" ஹெச்ஓ என்பது மாடல் ரயில் அளவு ஒன்றின் பெயர். ரயில் ஜாயினர் என்பது இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கிற சின்ன உலோகத் தகடு. அற்ப விலை, லாபமே இல்லாத சாமான். அந்தப் பக்கத்தில் இருப்பவர் "கோட் நூறா, எழுபத்தஞ்சா?" என்று திருப்பிக் கேட்டால் உடனே கிளம்பிப் போகலாம். தண்டவாளத்தின் உயரத்தைத்தான் அப்படிச் சொல்வது. கோட் 100 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர். செட்டை மட்டும் அட்டைப்பெட்டியோடு விற்கிறவருக்கு இது தெரியவேண்டிய அவசியமே இல்லை. தெரிந்திருக்கிறது என்றால், ரயிலை ஒருமுறையாவது பிரித்துப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

மரம், புல், மனிதர்கள் விஷயத்தில் நமக்குக் கவலையே இல்லை. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளுக்குச் சாமான் விற்கும் ஸ்டேஷனரி கடைகளில் சன்போர்டு, ஃபோம் போர்டு, பொடி மரங்கள், நிற்கிற மனித பொம்மைகள் எல்லாம் கிடைக்கும். டிசம்பரில் பாலக்காட்டுப் பக்கம் கிறிஸ்துமஸ் புல்கூடு (குடில்) சாமான் விற்கும்போது பாசியும் காய்ந்த புல்லும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நவராத்திரிக் கொலு சமயத்தில் பூங்கா செட்டுக்கு வருகிற வேலி, விளக்குக் கம்பம், ஓட்டு வீடு இவற்றில் சிலது அளவு ஒத்துப்போகும். எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு வருடம் ரயில் ஓடியது. ஸ்டேஷன் மாஸ்டர் இன்ஜினைவிட உயரமாக இருந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நாலில் சேராத இன்னோர் இடத்தைப் பலரும் யோசிப்பதில்லை. அது பழைய சாமான். கேரளத்தில் 1960களிலிருந்தே நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போனவர்கள் உண்டு. பாலக்காட்டு அக்கிரகாரங்களில் அமெரிக்காவில் பிள்ளை இல்லாத வீடு அபூர்வம். அவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த ரயில் பெட்டிகள் பரண்களில் தூங்குகின்றன. எனக்குக் கிடைத்த மிக நல்ல இன்ஜின் கடையில் வாங்கியது இல்லை. ஒரு கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் தெரியவந்து, ஒரு மாமி பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. சில பழைய பொருள் கடைகளுக்கும் இப்படித்தான் சரக்கு வருகிறது. ஆனால் அங்கே பரிசோதிக்கத் தெரியாமல் காசை நீட்டக்கூடாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் அளவு பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். நல்ல கடையையும் மோசமான கடையையும் பிரித்துக் காட்டுவது இங்கேதான். ஹெச்ஓ என்பது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ்காரர்களின் ஓஓ என்பது 76-இல் ஒரு பங்கு, ஆனால் ஓடுவது அதே 16.5 தண்டவாளத்தில்தான். பிரிட்டிஷ் கம்பெனி ஹார்ன்பி தயாரிப்பது பெரும்பாலும் ஓஓ. 'என்' (N) என்ற சின்ன அளவுக்குத் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். அமெரிக்கா, ஐரோப்பாவில் அது 160-இல் ஒன்று, ஜப்பான்காரர்களின் சாதாரண ரயில்களுக்கு 150-இல் ஒன்று, பிரிட்டனில் 148-இல் ஒன்று. ஹெச்ஓ பெட்டியையும் ஓஓ பெட்டியையும் ஒரே வண்டியில் கோத்தால் ஓடும், ஆனால் அண்ணன் தம்பி மாதிரி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரியும். இதை வாங்குமுன்பே உங்களிடம் சொல்கிற கடைக்காரர் நல்லவர். "எல்லாம் ஒண்ணுதான் சார், ஒரே டிராக்ல ஓடும்" என்கிறவர் பொய் சொல்லவில்லை, பாதியை முழுங்குகிறார்.

நம் ரயிலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்திய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், உலகத்தின் பெரும்பகுதியில் 1,435. நம் பாதையை ஹெச்ஓ அளவுக்குச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும், கிடைப்பதோ 16.5. அதனால் இந்திய வண்டியை அந்தத் தண்டவாளத்தில் வைத்தால், பெரிய உடம்புக்குச் சின்னக் கால் போட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் பொழுதுபோகாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 16.5 தண்டவாளம் நம் அகலப்பாதைக்குச் சரியாகப் பொருந்தவேண்டுமானால் அளவு ஏறக்குறைய நூறில் ஒன்றாக இருக்கவேண்டும். கட்டடக்கலை மாணவர்கள் மாடல் செய்கிற அளவுகளில் ஒன்று அது! அவர்களுக்கு விற்கும் 1:100 மனிதர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் கச்சிதமாக இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் முதலமடை, கொல்லங்கோடு வழியாகப் போன பழைய மீட்டர்கேஜ் நினைவில் செய்ய ஆசைப்பட்டால் (2008-இல் மூடி, 2015-இல் அகலப்பாதையாகத் திறந்தார்களே, அதே பாதைதான்) ஹெச்ஓவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக அது தயாராகிறது. விலையைக் கேட்டால் உட்கார்ந்துவிடுவீர்கள்.

மகன் கேட்பது வாளையாற்றில் பார்க்கிற வாப்-7 இன்ஜினும் ஐலண்ட் எக்ஸ்பிரஸும்தான் என்று நினைக்கிறேன். இந்திய வண்டிகள் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டுகிற தயார்நிலையில் மிகக் குறைவு. சென்டி நிறுவனத்தின் பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கி, உலோகச் சக்கரம் மாட்டி, மறுபடி பெயின்ட் அடித்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். கையால் நாலும் ஐந்துமாகச் செய்து விற்கும் தனி ஆட்களும் உண்டு. மூன்றாவது வழி, முகச்சாயல் உள்ள வெளிநாட்டு மாடலை வாங்குவது. இங்கேதான் கடைக்காரரின் அறிவு தெரியும். நம் நீல ஐசிஎஃப் பெட்டி சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி வடிவமைப்பில் 1955-இல் பெரம்பூரில் தொடங்கியது. சிவப்பு எல்ஹெச்பி பெட்டியின் தாய்வீடு ஜெர்மனி. டபிள்யூடிஎம்-2 டீசல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியுடையது. "இந்திய ரயில் வேணும்" என்று நீங்கள் கேட்டதும், "அப்படியே கிடைக்காது, ஆனா ஆல்கோ இன்ஜின் ஒண்ணு இருக்கு, பெயின்ட் மாத்தினா கிட்டத்தட்ட வரும்" என்று ஒருவர் சொன்னால் அவர் போன் நம்பரைப் பத்திரப்படுத்துங்கள். "இதுதான் சார் இந்தியன் மாடல்" என்று ஏதோ ஒரு சிவப்பு இன்ஜினை நீட்டினால் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வளைவு பற்றி ஒரு வார்த்தை. எல்ஹெச்பி பெட்டியின் நீளம் நிஜத்தில் 23.54 மீட்டர், ஹெச்ஓவில் 27 சென்டிமீட்டர். ஆரம்ப செட்டுகளில் வருகிற வளைவின் ஆரம் 36-லிருந்து 46 சென்டிமீட்டர் வரைதான். அந்த வளைவில் இவ்வளவு நீளப் பெட்டி போனால் நடுப்பகுதி உள்ளே தள்ளும், முனை வெளியே நீட்டும், சிலது தடம் புரளும். பெட்டியை விற்கும்முன் "வீட்ல வளைவு எவ்வளவு?" என்று கேட்காத கடைக்காரர் மறுவாரம் உங்களைத் திரும்ப வரவழைக்கப்போகிறார்.

சரி, கடைக்குள் வந்துவிட்டீர்கள். முதலில் பார்க்கவேண்டியது அலமாரி இல்லை. கவுண்டர் மேலோ சுவரோரமோ ஓட்டிப் பார்க்க ஒரு தண்டவாளம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் நேர்க்கோடு இருந்தால்கூடப் போதும். இருந்தால் அதன் மேல் தூசு படிந்திருக்கிறதா, தேய்ந்து பளபளக்கிறதா என்று கவனியுங்கள். நூறு இன்ஜின் அலமாரியில் இருந்து ஓட்டிக் காட்ட ஓரடித் தண்டவாளம் இல்லாத கடை பொம்மைக் கடைதான், விலைதான் வேறு. பாலக்காட்டுப் பக்கம் என்றால் தயங்காமல் கேளுங்கள், "சேட்டா, இதொன்னு ஓடிச்சு காணிக்காமோ?" முகம் சுளிக்காமல் எடுத்து வைக்கிறாரா என்பதே பாதிப் பரீட்சை.

ஓடும்போது வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சீறிப் பாய்வது எந்த மோட்டாருக்கும் சுலபம். மெதுவாகப் போவதுதான் கஷ்டம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டியை ஹெச்ஓவுக்குச் சுருக்கினால் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நாலு வினாடி ஆகவேண்டும். ஒரே வினாடியில் கடந்தால் அது 300 கிலோமீட்டருக்கு மேல்! அதனால் கன்ட்ரோலர் குமிழை மெல்லத் திருப்பி, இன்ஜின் குதிக்காமல் நகரத் தொடங்குகிறதா, எறும்பு வேகத்தில் நிற்காமல் போகிறதா என்று பாருங்கள். முன்னாலும் பின்னாலும் ஓட்டச் சொல்லுங்கள். 'டிக் டிக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் லேசாகத் துள்ளினால் அச்சில் இருக்கிற பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கலாம். சில பழைய தயாரிப்புகளில் பிளாஸ்டிக் பல்சக்கரம் அச்சைச் சுற்றி வெடிப்பது தெரிந்த குறைபாடு. வளைவும் பாயின்ட்டும் (தடம் பிரியும் இடம்) இருந்தால் அவற்றின் மேலும் ஓடட்டும். பத்து நிமிஷம் ஓடியபின் மேலே கைவைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கருகிய வாசனை வந்தால் வேண்டாம்.

தண்டவாளமே இல்லாத பழைய பொருள் கடைக்கோ, பரண் சாமானுக்கோ போகிறீர்கள் என்றால் சட்டைப்பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு துண்டு ஒயரும் எடுத்துப் போங்கள். இன்ஜினைத் திருப்பிப் பிடித்து ஒரு பக்கச் சக்கரத்தில் ஒரு ஒயர், மறுபக்கம் இன்னொன்று. சக்கரம் சுற்றவேண்டும். டிஜிட்டல் டீகோடர் (கட்டளையை வாங்கி இன்ஜினை ஓட்டும் சின்னச் சில்லு) வைத்தது என்றால் ஒரு கணம் தயங்கி ஓடும், ஒலி வைத்தது ஓடாமலும் இருக்கலாம். அதை டிஜிட்டல் கன்ட்ரோலரில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். வயிற்றுப் பக்கம் நீளமாக ஒரு உலோகப் பட்டை பனிச்சறுக்குக் கட்டை மாதிரி தொங்கினால் அது ஜெர்மன் கம்பெனி மெர்க்லினின் மூன்று தண்டவாள வகை. ஜெர்மனியிலிருந்து வந்த பெட்டிகளில் இதுதான் அதிகம். அருமையான சாமான், ஆனால் சாதாரண இரண்டு தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் ஆகும். வாங்கினால் அந்த உலகத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தவேண்டும். இதைச் சொல்லாமல் விற்கிற கடைகள் உண்டு, பலருக்குத் தெரியவே தெரியாது என்பதும் உண்மை.

அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி. அடிப்பாகத்து வார்ப்பு உலோகத்தைப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் வருடங்கள் போகப் போக அது உள்ளுக்குள்ளேயே உப்பி, கோணி, பிஸ்கட் மாதிரி உதிரும். மருந்தே கிடையாது. மேல்பெயின்ட் புதுசாக இருந்தாலும் அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்கவேண்டும். பழைய அட்டைப்பெட்டிகளுக்குள் மஞ்சள் ஸ்பாஞ்ச் இருக்கும், நம் ஊர் ஈரத்தில் அது பிசுபிசுத்து பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். தண்டவாளம் எந்த உலோகம் என்றும் கேளுங்கள். இரும்பு என்றால் ஒரு இடவப்பாதி (ஜூன்) மழைக்குத் துருப்பிடிக்கும். பித்தளை கறுத்தால் அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும், அடிக்கடி துடைக்கவேண்டும். நிக்கல் சில்வர் நல்லது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

இப்போது டிரான்ஸ்ஃபார்மர். இதில் நான் சூடு பட்டவன். ஒரு பழைய பொருள் கடையில் அமெரிக்க செட் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்து, ஆசையோடு பிளக்கைச் சொருகினேன். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் வருவது 230. ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, வீடு முழுக்கப் புகை. அம்மா சமையலறையிலிருந்து, "என்னடா தீயறது?" என்று ஓடிவந்தாள். கடைக்காரரைப் போய்க் கேட்டால், "பின்னால எழுதியிருக்கே சார், பாக்கலையா?" என்றார். எழுதித்தான் இருந்தது. ஜப்பான் செட்டுகள் 100 வோல்ட். நல்ல கடைக்காரர் இதை விற்கும்போதே சொல்லி, நம் மின்சாரத்துக்கு ஏற்ற பவர் சப்ளையை எடுத்து வைப்பார். தண்டவாளத்துக்கு வேண்டியது 12 வோல்ட் டிசி, அது ஒன்றும் அபூர்வமான சரக்கு இல்லை.

விலையைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், கடைக்காரரைத் திட்டுமுன் வரியைத் தெரிந்துகொள்ளுங்கள். சுங்கப் பட்டியலில் மாடல் ரயிலும் பொம்மையும் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. அடிப்படை வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-இல் 70. இதற்கு நடுவில் 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாயிற்று. ஆகவே வெளிநாட்டுப் பட்டியல் விலையைப் போல இரண்டு மடங்கு கேட்டால் அது கொள்ளை என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. மூன்று மடங்கு கேட்டால் கணக்குக் கேளுங்கள். சந்தேகப்படவேண்டிய இன்னொரு விஷயம் முன்பணம். ஒரு நகரக் கடையில் முழுத் தொகையும் கட்டிவிட்டு எட்டு மாதம் "கப்பல்ல வந்துட்டிருக்கு" என்ற ஒரே பதிலைக் கேட்டிருக்கிறேன். கடைசியில் வந்தது வேறு நிறம். கால் பங்குக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். பில்லில் மாடல் எண், நிறம், அளவு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதம் இங்கே செல்லுபடி ஆகாத சரக்குதான் அதிகம். அதனால் கடைக்காரர் வாயால் சொல்கிற "பார்த்துக்கலாம்" என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்கினால் நல்லது. ஜிஎஸ்டி பில் என்றால் கோவையில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும் ஒன்றுதான். வாளையாறு செக்போஸ்டில் விற்பனை வரிக்காக வண்டிகள் நின்ற காலமெல்லாம் 2017-உடன் போயிற்று.

நான் கடையை எடைபோடுவது முதல் தடவை போகும்போது இல்லை, இரண்டாம் தடவைதான். முதல் தடவை எல்லாக் கடைக்காரரும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரிப் பேசுவார்கள். ஓடாத இன்ஜினை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். "கம்பெனிக்கு அனுப்பணும்" என்று பெட்டியைக்கூடத் திறக்காமல் சொல்கிறவர் ஒரு ரகம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருகாணி கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு "பிரஷ் தேஞ்சிருக்கு" என்றோ "இது என்னால ஆகாது" என்றோ சொல்கிறவர் இன்னொரு ரகம். 'ஆகாது' என்று நேராகச் சொல்கிறவர்களிடம் நான் இன்னும் வாங்குகிறேன். அவரிடம் உதிரி இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ், சக்கரத்துக்கு மாட்டும் ரப்பர் வளையம், பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் இவை மூன்றும் இருந்தால் போதும். ஒரு இன்ஜின் முதலில் கேட்பவை இவைதான்.

அவர் என்ன எண்ணெய் போடுகிறார் என்பதையும் கவனியுங்கள். சிரிக்காதீர்கள், ஒரு கடையில் என் இன்ஜினின் கியருக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார்கள். கேரளத்தில் தலைக்கும் குழம்புக்கும் அதுதான், இன்ஜினுக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியற்காலையில் வாளையாற்றுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அந்த இன்ஜின் அசையவே மறுத்தது. அதையெல்லாம் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும். அதையும் ஊசிமுனையால் வைக்கவேண்டும். தண்டவாளத்தைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் காட்டுகிற கடையில் தண்டவாளம் வாங்கவேண்டாம். கீறலில்தான் அழுக்கு குடியேறும்.

ரிப்பேருக்கு என் அனுபவத்தில் மிக நல்ல ஆள் ஹாபி கடையிலேயே இல்லை. விரிசல் விட்ட பல்சக்கரத்தை எடுத்துக்கொண்டு கோவையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பம்புசெட் செய்கிற ஊராயிற்றே, பல்சக்கரம் வெட்டத் தெரியாதா என்று நம்பிக்கை. பட்டறைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "ஏனுங்க, இது மூக்குத்தியா?" என்றார். கடைசியில் காப்பாற்றியது பழைய டேப் ரெக்கார்டர் ரிப்பேர் செய்யும் ஒருவர். சின்ன மோட்டார், பெல்ட், பல்சக்கரம் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேசட் பிளேயர் ஒன்றைப் பிரித்துப் பொருத்தமான சக்கரத்தை எடுத்து, அச்சுத் துளையைக் கொஞ்சம் திருத்தி மாட்டிவிட்டார். இன்றைக்கும் ஓடுகிறது. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்களும் அப்படியே. அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது, உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் இப்போதே அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

பையனுக்கு எந்த அளவு வாங்கலாம் என்று கேட்டால், இடம் இருந்தால் ஹெச்ஓ. பத்து வயதுக் கைக்கு 'என்' (N) அளவுப் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றுவது கடினம், கோபம் வரும். ஆறடிக்கு நாலடிப் பலகை போட முடியாத வீடு என்றால் மட்டும் 'என்'. பெரிய செட் வேண்டாம். ஒரு இன்ஜின், மூன்று பெட்டி, ஒரு வட்டம், ஒரு பாயின்ட் போதும். அதற்கு மேல் வாங்கச் சொல்லி வற்புறுத்துகிற கடைக்காரர் உங்கள் மகனைப் பற்றி யோசிக்கவில்லை. அடுத்த தடவை நீங்கள் வரமாட்டீர்கள் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். வாங்கும் முன் நன்றாகச் செய்த லேஅவுட் (தண்டவாளம், ஸ்டேஷன், மரம் எல்லாம் சேர்ந்த முழு அமைப்பு) எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால், புனே பக்கம் போகும் வாய்ப்பு வரும்போது கோத்ரூடில் இருக்கும் ஜோஷி சிற்றுரு ரயில்வே அருங்காட்சியகத்துக்கு அவனைக் கூட்டிப் போங்கள். 1998-லிருந்து இருக்கிறது. சிக்னல் விழுவது, பாயின்ட் மாறுவது எல்லாம் கண்ணால் பார்க்கலாம்.

ஐப்பசியில் கல்பாத்தித் தேருக்கு வருவீர்கள் அல்லவா, அங்கே தெருவோரக் கடைகளில் பேட்டரி ரயில் தொங்கும். அதில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள், தப்பில்லை. இரண்டு நாளில் அதைப் பிரித்துப் பார்க்கிறவன் என்றால் ஹெச்ஓவுக்குத் தயார்.

இன்னொன்று. கடைக்கு முதல் தடவை தனியாகப் போங்கள். மகன் பக்கத்தில் நின்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தால் உங்களால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, அது கடைக்காரருக்கும் தெரியும். எல்லாம் பார்த்து, ஒரு கடையை முடிவு செய்துவிட்டு, இரண்டாம் தடவை அவனையும் அந்த 9 வோல்ட் பேட்டரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒயரைச் சக்கரத்தில் வைக்கிற வேலையை அவனிடமே விடுங்கள். ஒயரை மாற்றிப் பிடித்தால் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.